வடவெல்லையில் தமிழ் வகுப்பும் இணையப் பாடமும்

தமிழ் வழங்கும் நிலத்திற்கு வேங்கடத்தை வடவெல்லையாகக் கூறும் தொல்காப்பியச் சிறப்புப் பாயிரத்தைத் தமிழகத்து மாணவர் ஒரு நிலவியற் செய்தியாகப் படித்துக் கடந்துவிடுவர். திருப்பதியில் அதனைப் பாடம் சொல்லும்பொழுது நிலை வேறாகின்றது. சாளரத்தைத் திறந்தால் அவ்வெல்லை கண்முன் நிற்கின்றது. மலையைக் காட்டிவிட்டுப் பாயிரத்தைத் தொடங்கும் வாய்ப்பு வேறு ஊர்த் தமிழாசிரியர்க்கு எளிதில் வாய்ப்பதன்று. ஆயினும் அம்மலையை நோக்கி அமர்ந்திருக்கும் மாணவர் யாவர், அவர்கள் தமிழை எவ்வழியில் பெற்றனர் என்னும் வினா, வகுப்பறைக் கல்வியையும் இணையவழிக் கல்வியையும் இணைப்பது பற்றிய இற்றைநாள் விவாதங்களில் போதிய இடம் பெறவில்லை. அவ்வினாவிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகின்றது.

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. படாஸ்கர் பரிந்துரையின் வழி 1960 ஏப்பிரல் முதல் நாளில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சித்தூரும் புத்தூரும் திருப்பதியும் குப்பமும் ஆந்திரத்தில் நின்றன. 2022 ஏப்பிரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்துணை முறை கோடுகள் வரையப்பட்டும் மக்கள் நாவில் எந்தக் கோடும் நேராக விழவில்லை. சந்தையில் ஒரே வாக்கியத்தின் முற்பகுதி தமிழாகவும் பிற்பகுதி தெலுங்காகவும் முடிவதை இப்பகுதியில் இன்றும் கேட்கலாம். 1954இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகமும், 1997இல் குப்பத்தில் நிறுவப்பெற்ற திராவிடப் பல்கலைக்கழகமும் இந்நிலத்தில் தமிழுக்கு உயர்கல்வி இடம் தந்தவை.

இங்குத் தமிழ் பயில வருவோர் ஒரு தன்மையர் அல்லர். தமிழ்வழிப் பள்ளியிலோ எல்லைக்கு அப்பாலோ படித்து வந்தவர் சிலர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு, தமிழை இலக்கிய ஆர்வத்தாலோ வேலைவாய்ப்புக் கருதியோ கற்க வருபவர் சிலர். இவ்விருவர்க்கும் இடையில் மூன்றாமவர் ஒருவர் உள்ளார். வீட்டில் பாட்டியோடு தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கோ ஆங்கிலமோ படித்தவர் இவர். செவி முழுமையாகத் தமிழ் அறியும், கண் அறியாது. கதை சொல்லச் சொன்னால் சரளமாகச் சொல்வார். அக்கதையையே அச்சில் கொடுத்தால் எழுத்துக் கூட்டித் தடுமாறுவார். இணையப் பாடங்களை ஆக்கியோரின் மனக்கண்ணில் இம்மாணவர் தோன்றியதாகத் தெரியவில்லை என்பதே ஈண்டு வைக்கப்பெறும் முதற் குறை.

சொல்லைப் பற்றி ஒன்று கூறவேண்டும். இருவழிக் கல்வியைக் 'கலப்புக் கற்றல்' என்று மொழிபெயர்க்கும் வழக்கம் பரவியுள்ளது. பாலில் நீர் கலப்பதும் அரிசியில் கல் கலப்பதும் நினைவுக்கு வரும் மொழியில் இச்சொல் நற்பெயரோடு வாழுமா என்பது ஐயமே. இரு திணைக்கும் பொதுவாய் நின்று இரண்டிலும் பிறழாது வழங்கும் பெயரை 'விரவுப் பெயர்' என்று இலக்கண நூலார் குறித்தனர். விரவுதல் என்பதில் எதுவும் தன் இயல்பு கெடுவதில்லை. 'விரவுக் கற்றல்' என்று வழங்கினால் தவறில்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அது நிலைபெறும் என்ற நம்பிக்கை மிகுதியாக இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதத்தில் இவ்வகைக் கல்வி குறித்து ஒரு கருத்துக் குறிப்பினை வெளியிட்டது. ஒரு பாடத்தின் 40 விழுக்காடு வரை இணையவழியிலும் எஞ்சிய 60 விழுக்காடு நேரிலும் கற்பிக்கலாம் என்பது அதன் பரிந்துரைகளுள் பலர் கவனத்தையும் ஈர்த்தது. குறிப்பில் வேறு பல நற்கருத்துகளும் இருக்க, கல்லூரிகளில் பேச்சு முழுவதும் இவ்விரண்டு எண்களைச் சுற்றியே அமைந்தது. கால அட்டவணை போடுவோர்க்கு எண் வசதியானது. எந்த மணிநேரத்தை இணையத்திற்குத் தள்ளுவது என்பதே வினாவாயிற்று. கற்றலின் எந்தத் தொழிலை எவ்விடத்தில் வைப்பது என்ற வினா எழவில்லை.

அவ்வினாவைத் தமிழ் மரபு முன்னமே எழுப்பியுள்ளது. நன்னூலின் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லல், மாணாக்கன், பாடங்கேட்டல் என்னும் ஐந்தனையும் தனித்தனி வரலாறாக வகுத்துரைக்கின்றது. அதனைப் பெரும்பாலும் தேர்வுக்குரிய மனப்பாடப் பகுதியாகவே நாம் நடத்திவருகின்றோம். பவணந்தியாரை ஆதரித்த சீயகங்கன், குவளாலபுரத்தைத் தன் குலத்தின் பதியாகச் சொல்லிக்கொண்ட கங்க மரபினன் என்பது நோக்கத்தக்கது. குவளாலபுரம் இன்றைய கோலார், குப்பத்திலிருந்து தொலைவன்று. பல மொழிகள் சந்திக்கும் நிலத்தோடு தொடர்புடைய புரவலன் ஒருவனுக்காக எழுந்த இலக்கணம் கற்றல் முறைக்கு இத்துணை இடம் தந்ததில் வியப்பில்லை எனலாம். இது ஊகமே, மெய்ப்பிக்கச் சான்றில்லை.

பாடங்கேட்டல் பகுதியில் இரண்டு கணக்குகள் உள்ளன. முதலாவது, எத்தனை முறை கேட்பது என்பது. ஒருமுறை கேட்டதனை மீண்டும் கேட்டால் நூலில் பிழை மிகுதியாக நேராது. மூன்றாம் முறையும் கேட்டவன் அதனை முறையறிந்து பிறர்க்கு உரைக்க வல்லவனாவான். இரண்டாவது, புலமை எவ்வாறு நிரம்புகின்றது என்பது. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு செம்மையாகக் கொண்டாலும் கற்பவனுக்குக் கிட்டுவது காற்பங்கே. உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு கிட்டும். தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு கிட்டும்.

இவ்விரண்டு கணக்குகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் இணையத்தின் இடம் தெளிவாகின்றது. இரண்டு முறை, மூன்று முறை கேட்பதற்குப் பதிவுசெய்த பாடத்தைவிடச் சிறந்த துணை இல்லை. எந்த ஆசிரியரும் ஒரே சூத்திரத்தை அதே பொறுமையோடு நான்காம் முறை சொல்லமாட்டார்; பதிவு சொல்லும். ஆனால் அது எத்தனை முறை சொன்னாலும் நன்னூலார் கணக்கின்படி ஆசிரியர் பங்காகிய காற்கூற்றினுள்ளேயே அடங்கும். அக்காற்கூறும் முழுமையாகக் கிட்டுமா என்பது ஐயம். கேட்பவன் கொள்ளும் திறமறிந்து சொல்லவேண்டும் என்று பாடஞ்சொல்லல் பகுதி விதிக்கின்றது. பதிவில் பேசும் ஆசிரியர் எதிரே இருப்பவர் முகத்தைக் காண்பதில்லை. எனவே மீண்டும் கேட்டலை இணையத்திற்குக் கொடுத்து, உடன்பயிலுதலையும் எடுத்துரைத்தலையும் வகுப்பறைக்கு வைத்துக்கொள்வதே மரபுக்கும் பயனுக்கும் ஒத்த பகுப்பாகும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்னும் வேதியியல் ஆசிரியர் இருவர் 2007 அளவில் விரிவுரைகளைப் பதிவுசெய்து வீட்டிற்குக் கொடுத்து, வகுப்பு நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்கினர். 'தலைகீழ் வகுப்பறை' என்று உலகெங்கும் பேசப்படுவது இம்முறையே. நன்னூலைப் படித்தவர்க்கு இதில் தலைகீழாக ஒன்றும் இல்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் பாடங்களை நோக்கலாம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் விளைவாக, 2001 பிப்ரவரி 17இல் இந்நிறுவனம் தொடங்கப்பெற்றது. இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய வா. செ. குழந்தைசாமி இதன் உருவாக்கத்திற்குத் தலைமை தாங்கினார். 2010இல் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறியது. அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்ற சான்றிதழ் நிலைகளும் தமிழியலில் இளநிலைப் பட்டமும் வகுக்கப்பெற்றன. பெரும்பாலோர் இணையத்தை மின்னஞ்சலுக்கு மட்டுமே அறிந்திருந்த காலத்தில் ஒரு மொழியின் இலக்கியப் பாடத்திட்டம் முழுவதையும் இணையத்தில் ஏற்றத் துணிந்தது பெருஞ்செயல். அதனினும் பெரிது அதன் மின்னூலகம். தொல்காப்பியத்தை இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் உரைகளோடு அடுத்தடுத்துத் திறந்து பார்க்கும் வசதியை, நூலகத்தில் ஓர் உரைக்கே காத்திருந்து பழகிய தலைமுறை வியப்போடு பெற்றுக்கொண்டது. சித்தூரின் சிற்றூர்க் கல்லூரி மாணவர்க்கு இது பல நூலகங்களுக்கு ஈடு.

மின்னூலகத்தைப் பாராட்டும் அளவிற்குப் பாடங்களைப் பாராட்ட இயலவில்லை. பட்டப்படிப்புப் பாடங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. பாடம் எதனைப் பற்றியது என்னும் முன்னுரை, பெறக்கூடிய பயன்களின் பட்டியல், சிறு சிறு உட்தலைப்புகளில் செய்தி, இடையில் தன்மதிப்பீட்டு வினாக்கள், இறுதியில் தொகுப்புரை என்பதே அவ்வார்ப்பு. தொலைநிலைக் கல்விக்குரிய அச்சுப் பாடங்களின் அமைப்பு இது; திரைக்கு அப்படியே பெயர்க்கப்பட்டுள்ளது. தன்மதிப்பீட்டு வினாக்களைத் தனியே எடுத்து ஆராய்தல் தகும். ஒரு நூலின் ஆசிரியர் யார், ஒரு துறையின் வகைகள் எத்தனை, ஒரு சொல்லின் பொருள் யாது என்பன போன்றவை மிகுதி. விடை ஒரு சொடுக்கின் தொலைவில் உள்ளது. இங்கு மாணவர் வினவுவதில்லை; வினவப்படுகின்றார். வினாதலும் வினாயவற்றிற்கு விடைகூறலும் கற்பவர்தம் கடமைகள் என்று நன்னூல் கூறும். மாணவர் தாமாகக் கேட்கும் வினாவிற்கு இவ்வார்ப்பில் இடமில்லை. பாடமெழுதிய அறிஞர்களின் குறையன்று இது. முன்னரே வார்க்கப்பட்ட அச்சில் ஊற்றப்பட்டதனால் நேர்ந்தது.

இரண்டாவது குறை, பாடம் யாரை நோக்கிப் பேசுகின்றது என்பதில் உள்ளது. இந்நிறுவனம் அயலகத் தமிழர்க்கும் தமிழில் ஆர்வமுடைய பிறர்க்கும் எனத் தோன்றியது. எனவே சான்றிதழ்ப் பாடங்கள் எழுத்தும் அறியாத, பேச்சும் அறியாத ஒருவரை ஆங்கிலத்தின் துணையோடு அழைத்துச் செல்கின்றன. பட்டப் பாடங்களோ தமிழ்ப் பள்ளிக் கல்வி முடித்தவரை முன்னிறுத்துகின்றன. முற்கூறிய மூன்றாம் மாணவர் முதற் பாடத்தில் சலிப்படைகின்றார், இரண்டாவதில் மூழ்குகின்றார். பேச்சு உண்டு, எழுத்து இல்லை என்னும் நிலையில் உள்ளவர்க்கு உரிய படிக்கட்டு வேறு. அயலகத்தில் இக்குறையைத் தொடர்பு மையங்கள் ஓரளவு நிறைவு செய்தன. அங்கே நேர்முக ஆசிரியர் ஒருவர் இருந்தார் என்பதே அவற்றின் வலிமை. இணையப் பல்கலைக்கழகம் தொடக்கத்திலேயே விரவுக் கல்வியாகத்தான் இயங்கியது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

எழுத்து நிலையிலேயே இதனைக் காணலாம். தெலுங்கு நெடுங்கணக்கில் ககரத்திற்கு மட்டும் நான்கு எழுத்துகள், தமிழில் ஒன்றே. பக்கம், பங்கு, பகல் என்னும் மூன்றிலும் அவ்வோரெழுத்தே மூவகையாய் ஒலிக்கின்றது. தெலுங்கு எழுத்தில் பழகிய கண் மூன்றையும் ஒரே வல்லொலியாகப் படிக்கும். வீட்டில் தமிழ் பேசும் மாணவர் 'பகல்' என்பதை முதலில் வலித்துப் படித்து, தாம் அறிந்த சொல் இதுவென்று உணர்ந்த நொடியில் தாமே திருத்திக்கொள்கின்றார். தெலுங்கு மாணவர்க்கு அவ்வுணர்வு இல்லை, விதியைச் சொல்லவேண்டும். இருவரும் ஒரே காணொலியை மும்முறை கேட்டாலும் இருவர் பெறுவதும் ஒன்றாகாது. இவ்விருவரையும் ஒரே இருக்கையில் அமர்த்தி மாறி மாறிப் படிக்கச் செய்தால், ஒரு வாரத்தில் பாதிக் குறை தீர்வதை இக்கட்டுரையாளர் தம் வகுப்பில் கண்டதுண்டு.

அவ்வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைச் சுருக்காமல் கூறுவது பொருந்தும். எழுத்துகளின் பிறப்புப் பற்றிய பதிவை விடுதியில் கேட்டுவரும்படி கூறப்பட்டிருந்தது. நால்வர்க்கு ஒரு கைப்பேசி என்ற நிலையில் எல்லோரும் கேட்டு வந்தனர். ழகரம் எவ்வாறு பிறக்கும் என்பதை அனைவரும் சொன்னார்கள். தெலுங்கு மாணவியர் எவரும் ஒலிக்கவில்லை. வீட்டுத் தமிழ் பேசும் மாணவி ஒருத்தி தன் தோழியிடம், 'உங்கள் கோடிதான் எங்கள் கோழி' என்றாள். வகுப்பு சிரித்தது. அச்சிரிப்பு அடங்குமுன் மற்றொருவர் ஏழு, ஏடு என்றார். இன்னொருவர் சோழன், சோட என்றார். 1856இல் கால்டுவெல் பெருநூலாக எழுதத் தொடங்கிய துறையின் வாயிலில் இவர்கள் தாமாகவே வந்து நின்றனர். பிறகு ஒரு தெலுங்கு மாணவி, 'அப்படியானால் பழம் ஏன் எங்களுக்குப் பண்டு ஆயிற்று, நடுவில் ணகரம் எங்கிருந்து வந்தது?' என்று வினவினாள். விடையை அடுத்த வகுப்பிற்குத் தள்ளிவைக்க நேர்ந்தது. ஆசிரியர்க்கும் நூல் புரட்டவேண்டியிருந்தது. பழந்தெலுங்குக் கல்வெட்டுகளில் ழகரத்திற்குத் தனியெழுத்து இருந்ததனையும், அவ்வெழுத்து ஒருங்குறியில் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் தெலுங்குப் பகுதியில் சேர்க்கப்பட்டதனையும் அவ்வடுத்த வகுப்பில் கூறியபொழுது, இழந்த பொருளொன்று கிடைத்தது போல் அவர்கள் கேட்டனர். பதிவின் பங்கு இதில் சிறிதன்று. எல்லோரும் ஒன்றைக் கேட்டு வந்திருந்ததனால்தான் வகுப்பு நேரம் இதற்கு எஞ்சியது. ஆனால் பண்டு பற்றிய வினா பதிவிலிருந்து எழவில்லை.

ஒலிக்கும் கல்விக்கும் உள்ள உறவைத் திருமலையைச் சொல்லாமல் பேசமுடியாது. மார்கழியில் சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்பெறும் கோயில் இது. தெலுங்கெழுத்தில் அச்சிட்ட திருப்பாவையைக் கையில் கொண்டு தமிழறியாத அடியார் பலர் அதனைப் பயில்கின்றனர். திவ்வியப் பிரபந்தம் கற்பிக்கும் மரபுமுறைக்குச் 'சந்தை' என்பது பெயர். ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணாக்கர் இருமுறை சேர்ந்து சொல்வர். இன்று சந்தை வகுப்புகள் இணையத்திலும் நடைபெறுகின்றன. அயலூரிலும் அயல்நாட்டிலும் இருப்போர்க்கு அவை பெரும்பேறு. ஆயினும் இணைய அழைப்பில் ஒலி ஒவ்வொருவர்க்கும் வெவ்வேறு கணத்தில் சென்று சேர்வதால் பலர் குரலும் சேர்ந்தொலிக்க இயலாது; இரைச்சலே மிஞ்சும். எனவே ஒருவர் மட்டும் வாய்திறக்க, ஏனையோர் ஒலிவாங்கியை அடைத்துக்கொண்டு தமக்குள் சொல்கின்றனர். சந்தையின் உயிர் கூட்டொலி. பக்கத்திலிருப்பவர் குரலில் தன் பிழையைக் கண்டு, ஆசிரியர் சுட்டுமுன்னரே திருத்திக்கொள்வது அதனால்தான் இயலும். நன்னூலார் கூறிய உடன்பயிலும் காற்பங்கு செவியளவில் நிகழ்வதற்கு இதனைவிட நேரான சான்று வேண்டியதில்லை. வாரத்தில் ஒருநாளாவது நேரில் கூடும் சந்தைக் குழுக்கள் இக்குறையை உணர்ந்தே அவ்வாறு செய்கின்றன போலும்.

பள்ளி நிலை குறித்துச் சிறிது. 2020 மார்ச்சில் பள்ளிகள் அடைபட்டபொழுது ஆந்திர மாணவர்க்குத் தூர்தர்ஷன் சப்தகிரி வழியே பாடங்கள் ஒளிபரப்பாயின. தமிழகத்தில் 2019 ஆகஸ்டு முதல் இயங்கிய கல்வித் தொலைக்காட்சி அப்பணியைச் செய்தது. சித்தூர்ப் பகுதியின் தமிழ்வழி மாணவர் இரண்டிற்கும் நடுவில் நின்றனர். ஒன்றின் மொழி வேறு. மற்றொன்றின் பாடத்திட்டம் வேறு. ஆந்திர அரசு அச்சிடும் தமிழ்ப் பாடநூலுக்கும் தமிழக அரசின் பாடநூலுக்கும் பாட வரிசையே ஒத்துவராது. 2022 டிசம்பரில் ஆந்திர அரசுப் பள்ளிகளின் எட்டாம் வகுப்பினர்க்கு பைஜூஸ் நிறுவனப் பாடங்களோடு டேப்லெட் கருவிகள் வழங்கப்பட்டன. 2024 ஜூலையில் அந்நிறுவனத்தின்மீது நொடிப்பு நடவடிக்கை தொடங்கிவிட்டது. பொதுக் கல்வியின் பாடம் யார் கையில் இருத்தல் வேண்டும் என்பது தனியே ஆராய்தற்குரியது.

மேற்கூறியவற்றிற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். அதனைப் புறந்தள்ள இயலாது. உடன்பயில்வோர் வகுப்பறையில்தான் கிட்டுவர் என்பது வகுப்பில் ஆள் இருக்கும்பொழுதே உண்மை. தமிழ் விருப்பப்பாடத்திற்கு ஒருவர் இருவரே சேரும் கல்லூரிகள் உள்ளன. அவர்களுக்கு உடன்பயில்வோர் இணையத்தில் இருந்தால்தான் உண்டு. பலமனேரை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மாணவி, விடுமுறை நாள்தோறும் மாலையில் தன் தோழியைக் கைப்பேசியில் அழைத்து ஒரு பக்கம் உரக்கப் படிப்பாள். மறுமுனையில் இருப்பவள் தடுத்துத் திருத்துவாள். இதனை எவரும் விதிக்கவில்லை, பாடத்திட்டத்திலும் இல்லை. இணையம் காற்பங்கிற்குள் அடங்கும் என்று மேலே கூறிய கணக்கு இங்குத் தளர்ந்துவிடுகின்றது. எனினும் அவ்விருவரும் முதலில் ஒரே இருக்கையில் அமர்ந்து பழகியவர்கள் என்பதையும் உடன் சொல்லவேண்டும். முன்பின் அறியாதவர்களைக் கொண்டு அமைத்த இணையக் குழு ஒன்றில் இதே பயிற்சியை முயன்றபொழுது, பிழை திருத்த எவரும் வாய்திறக்கவில்லை, நாணமே காரணம்.

எஞ்சியது அரைப்பங்கு, எடுத்துரைத்தல். இதற்கென்று கடந்த பருவத்தில் ஒரு சிறு முயற்சி மேற்கொள்ளப்பட்டது. நன்னூல் எழுத்தியலின் தொடக்கச் சூத்திரங்களுக்குத் தெலுங்கறிந்தவர் கேட்டு விளங்கிக்கொள்ளும் வகையில் மாணவரே விளக்கம் எழுதி, தம் குரலில் பதிவுசெய்யவேண்டும். எழுதுவதில் இருவகை மாணவரும் இணைந்திருக்கவேண்டும். முதற் பதிவுகள் செம்மையாக இல்லை. தெலுங்கில் சொல்லவரும்பொழுது தமிழ்க் கலைச்சொல்லை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்பதில் நீண்ட பூசல் எழுந்தது. 'மாத்திரை' தெலுங்கிலும் மாத்திரையே, 'குற்றியலுகரம்' அவ்வாறன்று. அதனை விளக்க அவர்களுக்கு மூன்று வகுப்புகள் பிடித்தன. அம்மூன்று வகுப்புகளில் ஆசிரியர் பேசியது மிகக் குறைவு. அடுத்து வரும் மாணவர் இப்பதிவுகளையே விடுதியில் கேட்டு வரப்போகின்றனர். வேற்றுமைப் பகுதி இன்னும் எழுதப்படவில்லை. நான்காம் வேற்றுமை உருபாகிய குவ்வைத் தெலுங்கின் கு, கி என்பவற்றோடு ஒப்பிட்டு எழுதும் பொறுப்பினைக் கோழிக்கும் கோடிக்கும் உறவு கண்ட அத்தோழியர் இருவரும் ஏற்றுள்ளனர்.